அஸ்தம்பட்டி மாடி ஸ்டூடியோவின் ஆராதனைப் பாட்டு பேக்கேஜ்: ஒலிக்கு நல்ல மார்க், வரிகளை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

சேலத்தில் ஒரு சபையோ பங்குப் பாடகர் குழுவோ சொந்தமாக ஒரு பாட்டைப் பதிவு செய்ய இப்போது சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மாடியில் ஸ்டூடியோ இருக்கிறது. இங்கே எடுத்துக்கொண்டது அஸ்தம்பட்டிப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றின் 'ஃபுல் பேக்கேஜ்': ட்யூன், ட்ராக் (கீபோர்டில் புரோகிராம் செய்த பின்னணி இசை), புல்லாங்குழலும் தபேலாவும் லைவ், குரல் பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங், லிரிக் வீடியோ. பாட்டு ஒன்றுக்கு 28,000 ரூபாய். பெயரைப் போடவில்லை. கீழே வரும் குறைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல, ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாக இருக்காது.

ஒலியைப் பொறுத்தவரை எடுத்த எடுப்பிலேயே நல்ல மார்க் போடலாம். வாத்தியக்காரர்கள் கைதேர்ந்தவர்கள், மைக் நல்ல மைக், சொன்ன தேதிக்கு வேலை முடிகிறது. கோளாறு இருப்பது வேலை நடக்கும் வரிசையில். முதலில் ட்யூன், அடுத்து ட்ராக், அதற்கடுத்து லைவ். பாடகி மைக் முன்னால் நிற்கும் அன்றைக்குத்தான் வரிகள் முழுசாகத் தாளில் ஏறுகின்றன. அதுவரை 'தன்னானே'யும் பாதி வரியுமாக ஓடும். சினிமாப் பாட்டுக்கு இது பழகிப்போன வழி. ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் நின்று பாட வேண்டிய பாட்டுக்கு ஒத்துவராது. "ஆவியோடு பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் எழுதியது 1 கொரிந்தியர் 14:15-இல் இருக்கிறது. இங்கே கருத்து கடைசி நாளில் வந்து சேர்கிறது. பேக்கேஜில் ஏழு இனம் உண்டு, 'வரிகளைச் சரிபார்த்தல்' என்ற இனம் கிடையாது. அந்த வேலையை வெளியே முடித்துவிட்டுப் படியேறினால் கொடுக்கும் காசுக்கு இது நல்ல இடம். முடிக்காமல் போனால் யூடியூபில் அருமையாகக் கேட்கும் பாட்டு கிடைக்கும், சபையில் அதைப் பாடகி மட்டும் பாடுவார்.

வரிகள்: படியேறும் முன்

ஸ்டூடியோவிலேயே பாட்டு எழுதிக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே எல்லாருக்கும் அவரே எழுதுகிறார். அதனால் சொற்கள் கலந்துவிடுகின்றன. திருப்பலிக்குப் போகும் பாட்டில் 'கர்த்தாதி கர்த்தர்' வரும், சி.எஸ்.ஐ. ஆலயத்துப் பாட்டில் 'தூய ஆவியார்' வரும். தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தந்தச் சபையின் வாய் பழகிய சொல் அதுவல்ல. உங்கள் ஜெபங்களில் கடவுளை எப்படி அழைக்கிறீர்களோ அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் முன்னிலை. பல்லவியில் 'நீர்', சரணத்தில் 'அவர்', அடுத்த சரணத்தில் சந்தத்துக்கு ஒரு மாத்திரை போதவில்லை என்று 'நீ'. பாடுகிறவர் கடவுளோடு பேசுகிறாரா, கடவுளைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறாரா என்பதே தெரியாமல் போகிறது. சங்கீதம் 23-இல் 'அவர்' என்று தொடங்கி 'தேவரீர்' என்று திரும்புகிற இடம் உண்டுதான். அங்கே மரண இருளின் பள்ளத்தாக்கு வந்த பிறகு திருப்பம் வருகிறது, காரணத்தோடு வருகிறது. மாத்திரைக்காக வரும் திருப்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்தது எதிர்மறை. தமிழில் 'இல்லை', 'மாட்டார்' எல்லாம் வாக்கியத்தின் வால் பக்கம் நிற்பவை. "உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற எபிரெயர் 13:5-ஐ ட்யூனில் உட்கார்த்தும்போது 'கைவிடுவதும்' என்பதோடு அடி முடிந்து, அரை ஆவர்த்தனம் குழல் வாசித்து, பிறகு 'இல்லை' வந்தால் என்ன ஆகும்? நடுவில் கோரஸ் 'கைவிடுவதும்... கைவிடுவதும்...' என்று எதிரொலிக்கவும் செய்தால் இன்னும் மோசம். வாக்குத்தத்தம் மிரட்டலாகிவிடும். எதிர்மறை வினை ஒரே மூச்சில் முடிகிறதா என்று ஒவ்வொரு அடியையும் பார்க்க வேண்டும். எதிரொலி வேண்டுமென்றால் வாலையும் சேர்த்து எதிரொலிக்கட்டும்.

குறில் நெடில் விஷயத்தில் ட்யூன் போடுகிறவர் ரொம்பவே அலட்சியம். நீண்ட சுரம் குறிலில் விழுந்தால் 'வரம் தந்தீர்' என்பது 'வாரம் தந்தீர்' ஆகும், 'மனம் தாரும்' என்பது 'மானம் தாரும்' ஆகும். பழகிய கீர்த்தனையில் குறிலை இழுத்தால் காது தானே திருத்திக்கொள்ளும், முதல் தடவை கேட்கும் பாட்டில் திருத்தாது. வழி இரண்டு. நீண்ட சுரம் விழும் இடத்தில் நெடில் உள்ள சொல்லை வையுங்கள். முடியாவிட்டால் இழுப்பை இரண்டாம் அசைக்குத் தள்ளுங்கள்: 'வ' சட்டென்று போகட்டும், 'ரம்' நீளட்டும். எழுதின வரிகளை வெறும் பேச்சாக வாசித்து, வாசிக்கும்போது நீள்கிற அசைகளைப் பென்சிலால் கோடிட்டு, பிறகு ட்யூனோடு வைத்துப் பார்த்தால் எங்கெங்கே இடிக்கிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சொல்லடர்த்தியும் இதோடு சேர்ந்தது. 'இரட்சிக்கப்பட்டிருக்கிறோம்' என்பது ஒன்பது அசை. 76 பி.பி.எம். (நிமிஷத்துக்கு 76 தாள அடி) வேகத்தில் ஒரு தாள அடிக்கு நான்கு அசை என்று போட்டால் வினாடிக்கு ஐந்து அசை ஓடும். பாடகி அநாயாசமாகப் பாடிவிடுவார். சபைக்கு வினாடிக்கு மூன்றைத் தாண்டினாலே சொற்கள் உதிர ஆரம்பிக்கும், வயதானவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஓர் அடிக்கு இரண்டு அசை என்றால் அதே வேகத்தில் இரண்டரைதான் வருகிறது. நீளமான வினைமுற்றை உடைத்து 'இரட்சிப்பைத் தந்தீர்' மாதிரி எழுதினால் ட்யூனும் மூச்சு விடும்.

இங்கே எழுதப்படும் வரிகளில் இயைபு மட்டும் நிறைய இருக்கிறது, அதாவது அடிக்கடைசியில் 'ஐயா, ஐயா' அல்லது 'ஏசையா, ஏசையா'. எதுகையும் மோனையும் அனேகமாகக் கிடையாது. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்துக் கீர்த்தனைகள் புத்தகம் இல்லாமல் ஏழெட்டுச் சரணம் பாட முடிவதற்கு எதுகை மோனை ஒரு முக்கியமான காரணம். அடியின் தலையில் ஒலி ஒத்திருந்தால் அடுத்த அடியின் முதல் சொல் தானாக நாக்கில் வந்து நிற்கும். கடைசியில் மட்டும் ஒத்திருந்தால் அடியை எப்படித் தொடங்குவது என்று திரையைப் பார்க்க வேண்டும், அடியை முடிக்கத்தான் நினைவு உதவும்.

ட்யூனும் சுருதியும்

முதல் சந்திப்பில் அவர்கள் கேட்கும் கேள்வி 'யார் பாடறாங்க, எத்தனை கட்டை?' என்பது. கட்டை என்பது சுருதியின் அளவு. அந்தப் பதிலை வைத்தே பாட்டின் சுருதி முடிவாகிவிடுகிறது. ஆராதனைப் பாட்டுக்கு இந்தக் கேள்வி போதாது. கலந்து நிற்கும் சபை சங்கடமில்லாமல் பாடக்கூடிய எல்லை, 1 கட்டையில் சொன்னால், கீழ்த் தைவதத்திலிருந்து மேல் ரிஷபம் வரை. பதினொரு சுரம், அவ்வளவுதான். பெண்கள் இதைப் பாடும்போது ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே அதையே பாடுவார்கள். மேல் காந்தாரத்தைத் தொட்டாலே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பாடகியின் குரல் பிரகாசிக்க வேண்டும் என்று சரணத்தை இந்த எல்லைக்கு மேலே ஏற்றிப் போடப்படும் பாட்டுகள் யூடியூபுக்கு மட்டும் ஆனவை.

ஆகவே ட்யூனைக் கேட்டதும் அதன் உச்ச சுரம் எது, அடி சுரம் எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வித்தியாசம் பதினொரு சுரத்துக்குள் அடங்கினால் சபைக்கு ஒரு சுருதி, பதிவுக்கு ஒரு சுருதி என்று பிரித்துக்கொள்ளலாம். அடங்காவிட்டால் எந்தக் கட்டைக்கு மாற்றினாலும் ஒரு முனை இடிக்கும், ட்யூனைத்தான் திருத்த வேண்டும்.

சபைச் சுருதியில் இரண்டாவது மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத வாத்தியப் பதிவு) வேண்டும் என்பதை லைவ் பதிவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கீபோர்டில் புரோகிராம் செய்த பகுதியைச் சுருதி மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது. மூங்கில் குழல் அப்படியல்ல, கட்டைக்கு ஒரு குழல். வாசிப்பவர் வந்த அன்றே வேறு குழலை எடுத்து இன்னொரு டேக் வாசித்துவிட்டால் தீர்ந்தது. பிறகு சாஃப்ட்வேரில் இறக்கினால் இரண்டு அரைச்சுரம் தாண்டும்போதே குழல் சோகையாகிவிடும்.

பழைய கீர்த்தனையைப் புதுக் கோலத்தில் போட்டுத் தருவதையும் இவர்கள் தனி பேக்கேஜாக விற்கிறார்கள். அதில் கை வைக்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். ஆதி தாளத்துக் கீர்த்தனைகள் பல சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்காமல் அரை அடி தள்ளித் தொடங்கும். புரோகிராமர் 'குவாண்டைஸ்' பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் சமத்துக்கு இழுத்துவிட்டால் அழுத்தம் வேறு அசையில் விழும், தெரிந்த பாட்டே தெரியாத பாட்டாகும். இரண்டு ராகம். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல்தான், எந்தக் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) உட்காரும். மாயாமாளவகௌளையில் ரிஷபமும் தைவதமும் சுத்தம், அதாவது தாழ்ந்த வகை. அங்கே பழக்கதோஷத்தில் ஐந்தாம் கார்டை மேஜராகப் போட்டால் அதில் இருக்கும் சதுஸ்ருதி ரிஷபம் (ஓர் அரைச்சுரம் உயர்ந்தது) பாடுகிறவரின் சுத்த ரிஷபத்தோடு மோதும். அந்த இடத்தில் சுத்த ரிஷபத்தின் மேல் கட்டிய மேஜர் கார்டோ வெறும் தம்புராவோ போதும். ஆனந்தபைரவியில் கார்டே கொஞ்சமாகப் போடுவது நல்லது. கமகம் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

ட்ராக், லைவ்

இவர்களின் பலம் இங்கேதான். தபேலா வாசிப்பவர் வாசிக்கும் முன் வரித்தாளை வாங்கிப் படிக்கிறார். சிலுவையைச் சொல்லும் சரணத்தில் டிரம் மொத்தத்தையும் நிறுத்திவிட்டு, தம்புராவும் குரலும் மட்டும் இருக்க, இரண்டாம் அடியில்தான் டக்காவை (தபேலா ஜோடியின் கனத்த இடப்பக்கம்) மெல்லத் தொடுவது அவர் யோசனை. தவக்காலப் பாட்டின் முகப்பில் சுபபந்துவராளியில் குழல் எட்டு அடி வாசித்தாலே, முதல் வரி எதைப் பற்றி வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. கற்பனை வேண்டாம் என்று சொல்கிற கட்சி அல்ல இது. வசனத்தை அப்படியே நாலு கார்டில் உட்கார்த்தி, ஒரு வளைவும் நெளிவும் இல்லாமல் தட்டையாகப் பாடினால் உபதேசம் சுத்தமாக இருக்கும், மறுவாரம் யாருக்கும் நினைவிருக்காது. வரி சொல்வதைக் கூட்டிச் சொல்லும் கற்பனைக்கு இன்னும் ஆயிரம் ரூபாய் கூடவே கொடுக்கலாம்.

புரோகிராமரின் கற்பனைதான் வேறு திசையில் போகிறது. அவருக்குப் பிடித்த அமைப்பு: பல்லவி, இடையிசை 16 பார் (தாளச் சுற்று), சரணம், 'பில்ட் அப்', டிரம் உருண்டு உருண்டு ஏறி, எல்லா வாத்தியமும் ஒன்றாக வெடிக்கும் இடம். அந்த வெடிப்பில் பாடப்படுவது 'ஓ... ஓ...'. பாட்டின் உச்சியில் ஏறிப் பார்த்தால் அங்கே சொல்லே இல்லை. பாட்டில் எது தலையாய வரி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வரித்தாளில் ஒரே ஒரு வரிக்கு அடிக்கோடிட்டு 'உச்சம் இங்கே' என்று எழுதிக் கொடுங்கள். அவர் திறமைசாலி, அதே டிரம்மையும் அதே ஏற்றத்தையும் அந்த வரிக்குக் கொண்டுவந்துவிடுவார். 'ஓ' வேண்டுமென்றால் இடையிசைக்குப் போகட்டும்.

இடையிசை நீளத்தைக் கணக்கில் பாருங்கள். 76 பி.பி.எம்., நாலு அடித் தாளம், 16 பார் என்றால் 50 வினாடி. அத்தனை நேரம் சபை நின்றுகொண்டு என்ன செய்யும்? 4 பார் போதும், பன்னிரண்டு பதிமூன்று வினாடி. அதன் கடைசி இரண்டு அடியில் பல்லவியின் வாலை வாத்தியத்தில் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். எங்கே நுழைவது என்று கைகாட்ட ஆள் தேவைப்படாது. 16 பார் வடிவத்தை யூடியூபுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குரல்

குரல் பதிவு அறை சின்னது, நன்றாகப் பஞ்சடைத்தது. பதிவு செய்பவர் சுருதியைக் கூர்ந்து கவனிக்கிறார், உச்சரிப்பை விட்டுவிடுகிறார். "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற யோவான் 14:6 வரி 'வலியும்' என்று பதிவானால் எவ்வளவு நல்ல கமகம் இருந்தும் என்ன பிரயோஜனம்? 'பழி' 'பலி' ஆவதும் இதே ஜாதி. பாடகியைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. உயர்ந்த சுரத்தில் நாக்கை மடக்குவது கஷ்டம், ழகரம் தானாக லகரமாகும். ழ, ள, ல, ற வரும் சொற்களை வட்டமிட்ட தாளோடு ஒருவர் கன்ட்ரோல் அறையில் உட்கார வேண்டும். ட்யூனை மறந்துவிட்டுச் சொல்லை மட்டும் கேட்பது அவருக்கு வேலை. தவறிய சொல்லை மட்டும் 'பஞ்ச்' செய்து திரும்பப் பதிவது இரண்டு நிமிஷ விஷயம், மிக்ஸிங்குக்குப் போன பிறகு கேட்டால் தனிக் காசு.

சுருதியைத் தானே திருத்தும் சாஃப்ட்வேரான ஆட்டோட்யூனை இவர்கள் உச்ச வேகத்தில் வைக்கிறார்கள். கமகம் படிக்கட்டாகிவிடுகிறது. ரீட்யூன் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் செய்கிறார்கள், முகம் கொஞ்சம் சுளிக்கும்.

கோரஸுக்கு ஆறு பேரை இரண்டு தடவை பாடவைத்துப் பன்னிரண்டாக்குவது நல்ல பழக்கம். ஆனால் அடிக்கடைசி 'து', 'டு', 'சு' எல்லாம் பன்னிரண்டு முறை முன்னும் பின்னுமாக உதிரும். கோரஸ் பாடுகிறவர்கள் வல்லினத்தைத் தளர்த்தி உயிரொலியைத் தாங்கட்டும், சொல்லின் விளிம்பைத் தனிக்குரல் காட்டட்டும்.

மிக்ஸிங்

சொல் தெளிவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதியில் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார், ஸ்ட்ரிங்ஸ், பேட் (பின்னால் நீண்டு ஒலிக்கும் கீபோர்டு ஒலி) எல்லாம் குடியேறியிருப்பதும் அங்கேதான். இவர்கள் குரல் கேட்கவில்லை என்றால் குரலை ஏற்றுகிறார்கள், பிறகு வாத்தியம் சப்பென்று இருக்கிறது என்று அதையும் ஏற்றுகிறார்கள். அதைவிட, குரல் வரும் இடங்களில் மட்டும் பேடிலும் கிட்டாரிலும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி 2 அல்லது 3 டெசிபல் வெட்டினால் குரல் தானே முன்னால் வரும். இதைக் கேட்டு வாங்கலாம், கூடுதல் காசு இல்லை.

ரிவர்ப்தான் தீராத தகராறு. பஞ்சடைத்த அறையில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவருக்கு எதிரொலி இல்லாத குரல் மொட்டையாகத் தெரிகிறது. இரண்டரை வினாடி வாலோடு ரிவர்ப் போடுகிறார். அந்த மைனஸ் ட்ராக் எங்கே ஒலிக்கப்போகிறது? உயர்ந்த கூரை, டைல்ஸ் தரை, திரையில்லாத ஜன்னல் உள்ள கோவிலில். கட்டடம் ஏற்கெனவே எதிரொலிக்கிறது, இதையும் கூட்டினால் சொல்லின் மேல் சொல் விழும். வெளியிடும் பாட்டில் வால் ஒன்றரை வினாடிக்குள் இருக்கட்டும். குரலுக்கும் ரிவர்ப் தொடங்குவதற்கும் நடுவே 40 முதல் 60 மில்லிவினாடி இடைவெளி விட்டால் சொல்லின் முகம் நனையாது. ரிவர்ப்பில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். சபைக்கான மைனஸ் ட்ராக்கில் ரிவர்ப் அனேகமாக வேண்டவே வேண்டாம்.

மிக்ஸ் சரியா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. வரிகளைப் பார்த்திராத ஒருவரிடம் போன் ஸ்பீக்கரில், பாதி சத்தத்தில் பாட்டைப் போட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தவறினால் திருப்பி அனுப்பலாம். இரண்டு திருத்தம் வரை பேக்கேஜில் அடக்கம்.

மாஸ்டரிங்கில் மைனஸ் 8 எல்.யு.எஃப்.எஸ். (பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) வரை இறுக்கித் தருகிறார்கள். யூடியூப் அதை மைனஸ் 14 அளவுக்கு இறக்கித்தான் ஒலிபரப்பும். சத்தம் கூடப்போவதில்லை, தாழ்ந்தும் உயர்ந்தும் வரும் அழகு மட்டும் காணாமல் போகும். மைனஸ் 12 அல்லது அதற்கும் கீழே கேளுங்கள்.

கையில் என்ன வாங்க வேண்டும்

முழுப் பாட்டு, மைனஸ் ட்ராக் என்று இரண்டு கோப்பு கொடுத்து அனுப்புவது இவர்கள் வழக்கம். எந்த ஆராதனை என்பதைப் பொறுத்து இன்னும் சில வேண்டியிருக்கும். திருப்பலியில் காணிக்கைப் பாட்டு குரு தயாரானதும் நிற்க வேண்டும். 5 நிமிஷம் 40 வினாடி ஓடும் ட்ராக்கை நடுவில் அணைத்தால் அசிங்கமாக இருக்கும், அணைக்காவிட்டால் பீடத்தில் அவர் காத்துக்கொண்டிருப்பார். ஒரு சரணத்தோடு முடிவது, இரண்டோடு முடிவது என்று இரண்டு வெட்டு வாங்குங்கள். 1963-இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, பாடல் வரிகள் பெரும்பாலும் விவிலியத்திலிருந்தும் வழிபாட்டு மூலங்களிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே வரிகளைப் பங்குத்தந்தையிடம் ட்யூனுக்கு முன்பே காட்டிவிடுவது வீண் செலவை மிச்சப்படுத்தும். பெந்தெகொஸ்தே சபைகளில் பல்லவி எத்தனை தரம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே நீளம் குறித்த ட்ராக்கே உதவாது. டிரம், பேஸ், பேட், மெலடி எனத் தனித்தனி ஸ்டெம்கள் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக வேண்டும்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் குழலின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட். கீழே 24 டிகிரி ஏசி அறையில் பதிவான ட்ராக்கோடு, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் காலை 14 டிகிரியில் குழல் எடுத்தால் 20, 30 சென்ட் கீழே நிற்கும். சென்ட் என்றால் என்னவென்று தெரியாதவரும் முகம் சுளிக்கிற அளவு அது. குழலை உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடேற்றினால் பாதி சரியாகும். கீபோர்டு மட்டும் துணை என்றால் அதன் ட்யூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து 436 வரை இறக்கிக்கொள்ளலாம். ட்ராக்கை இறக்க முடியாது. காபி எஸ்டேட்டுச் சின்னக் கோவில்களில் ஆர்மோனியமும் டோலக்கும் வைத்துப் பாடுகிறவர்களுக்கு ட்ராக்கே தேவையில்லை. கார்டு எழுதிய ஒரு தாளும், டிரம் இல்லாமல் குரலும் ஆர்மோனியமும் மட்டும் கொண்ட ஒரு பாடிக்காட்டும் பதிவும் போதும். இரண்டும் கேட்டால் சும்மாவே தருகிறார்கள்.

லிரிக் வீடியோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்னணியில் அருவி, புறா, சூரிய உதயம். ஒற்றுப்பிழை ஏராளம். 'கர்த்தரைத் துதி' இவர்கள் கையில் 'கர்த்தரை துதி' ஆகும். தட்டச்சுச் செய்த வரிகளை நீங்களே கொடுத்துவிடுங்கள். வரி பாடப்படுவதற்கு ஒரு தாள அடி முன்பே திரையில் வர வேண்டும் என்றும் சொல்லுங்கள். பாடத் தொடங்கிய பிறகு வரும் வரியால் சபைக்குப் பயனில்லை.

உரிமை, பணம்

'பழைய பாட்டு எல்லாம் ஃப்ரீ' என்று வரவேற்பறையில் சொல்வார்கள். அப்படியில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி (1957) எழுதியவர், இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு ஆக வேண்டும். சாஸ்திரியார் வரிகளுக்குத் தடையில்லை. பாட்டி காலத்துப் பாட்டு என்று நாம் நினைக்கும் பலவற்றை எழுதியவர்கள் மறைந்து அவ்வளவு காலம் ஆகவில்லை. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கின்போது பாடுவதும் இசைப்பதும் உரிமை மீறல் ஆகாது என்கிறது. பதிவு செய்து யூடியூபில் வெளியிடுவதற்கு அந்தச் சலுகை நீளாது.

சொந்தப் பாட்டானாலும் வரி யாருடையது, ட்யூன் யாருடையது, பதிவு யாருடையது என்று மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். ஸ்டூடியோ தன் கணக்கில் ஆன்லைன் விநியோகத்துக்குக் கொடுத்துவிட்டால், பிறகு சபை தன் சேனலில் ஏற்றும் அதே பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். ட்ராக்கில் போட்ட லூப்களுக்கு (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த ஒலித்துண்டுகள்) உரிமம் உண்டா என்பதும் அந்தத் தாளிலேயே வர வேண்டும்.

முன்பணம் பாதி கேட்கிறார்கள். கொடுக்கலாம். மீதிப் பாதியை மாஸ்டர் கேட்ட அன்று கொடுத்துவிட வேண்டாம். சபைச் சுருதி மைனஸ் ட்ராக், குறுகிய வெட்டுகள், ஸ்டெம்கள், கார்டுத் தாள் எல்லாம் பென்டிரைவில் ஏறி, கோவில் ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். பணம் கைமாறிய பின் ஸ்டெம் கேட்டால் 'ப்ராஜெக்ட் ஆர்க்கைவ் ஆயிடுச்சுங்க' என்பார்கள், திறந்து தர 3,000 ரூபாய் தனி.